வளர்க்கக் கொடுத்த குட்டி

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேனிச் சந்தையிலிருந்து திரும்பிய தவசி, மாடுகளை அவிழ்ப்பதற்கு முன்பே வண்டியிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கி மனைவி ராமுத்தாயின் கையில் கொடுத்தான். கூடையின் வாயில் வைக்கோலைத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே என்னவோ முனகியது.

"கோழியா?" என்று கேட்டாள்.

"அவுத்துத்தான் பாரேன்."

அவிழ்த்தாள். செவலை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டியது. உடம்பெல்லாம் செம்மண் நிறம். மூக்கும் வாயும் மட்டும் அடுப்புக்கரியை அப்பியதுபோலக் கறுப்பு. வெளியே வந்ததும் அது செய்த முதல் காரியம் அவள் சுண்டுவிரலைக் கடித்ததுதான்.

"கோம்பைக் குட்டி புள்ள. சாதி நாயி. அலைஞ்சு திரிஞ்சு வாங்கியாந்தேன். உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு நாயி?"

"அக்கம்மா போனதுலருந்து உன் மொகமே சரியில்ல. நான் வண்டியக் கட்டிட்டுப் போயிட்டா இங்கன பேச்சுத்தொணைக்கு ஆரு இருக்கா? இது இருக்கட்டும்."

ராமுத்தாய் அவனை ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்களுடைய ஒரே மகள் அக்கம்மாளைத் தை மாதத்தில் போடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ஆளுக்கு உலை வைப்பதற்கே அவளுக்குக் கை வரவில்லை. சோறு மிஞ்சும், மிஞ்சின சோற்றைப் பார்த்து அழுவாள். அதைத் தவசி கவனிக்கிறான் என்றே அவள் நினைக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சேலையோ வளையலோ அவள் நாலு தரம் கேட்டபிறகுதான் வரும். கேட்காமல் வந்தது இந்தக் குட்டி ஒன்றுதான். கடிபட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்ததை அவன் கவனிக்காதது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கரிவாயன் என்று பெயர் வைத்தாள்.

பெயர் வைத்ததோடு சரி, அதை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமில்லை. அரிசி அரிசியாய் இருந்த அந்தப் பல்லிடம் ஊசி தோற்றுவிடும். வாசல் கூட்டினால் விளக்குமாற்றில் தொங்கும். நடந்தால் சேலைக் கரையைக் கவ்விக்கொண்டு இழுபட்டே வரும். உட்கார்ந்து ஆட்டுக்கல்லைச் சுற்றினால் கையைக் கடிக்கும். எருமைக்குத் தவிடு கலக்கப் போனால் கணுக்காலைப் பிடிக்கும். தவசி தெருமுனையில் வண்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டால் போதும், பேய் பிடித்ததுபோல முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றி, உருண்டு, எழுந்து, அவன் வேட்டியில் பாய்ந்து, சந்தோஷம் தாங்காமல் அவன் காலிலேயே மூத்திரம் பெய்துவிடும்.

முதலில் அடித்துப் பார்த்தாள். விளக்குமாற்றை ஓங்கினால் அதுவும் விளையாட்டுத்தான் என்று நினைத்து இரண்டு மடங்கு துள்ளியது. கத்தினாள். அவள் கத்தக் கத்த அதற்கு வெறி ஏறியது. இரண்டு புறங்கையும் முள்வேலிக்குள் கைவிட்டதுபோல ஆயிற்று. தெருவில் போகிறவர்கள், "என்ன ராமுத்தாயி, நாயி வளக்குறியா, நாயிக்குக் கறி போடுறியா?" என்று சிரித்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம், கடிபட்ட கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கம்மாளின் நினைப்பு வந்தது. பல் முளைத்த புதிதில் அக்கம்மாள் பால் குடிக்கும்போது கடித்துவிடுவாள். ராமுத்தாய் அடித்ததும் இல்லை, கத்தியதும் இல்லை. சட்டென்று மாரிலிருந்து எடுத்துக் கீழே உட்காரவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளை சிணுங்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்துக் கொடுப்பாள். கடித்தால் பால் போய்விடும் என்று அந்தப் பச்சைப்பிள்ளைக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது.

அதையே கரிவாயனிடம் செய்து பார்த்தாள். பல் பட்டதும், "ஸ்ஆ" என்று ஒரே ஒரு சத்தம். பிறகு பேச்சில்லை, பார்வையில்லை. எழுந்துபோய்த் தொழுவத்துப் படலைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் நின்றுவிடுவாள். குட்டி படலைப் பிறாண்டும், ஊளையிடும். அது அடங்கிய பிறகு சும்மா வந்து உட்காருவாள். மறுபடி கடித்தால் மறுபடி எழுந்து போவாள். அது நாலு காலும் தரையில் இருக்க நின்றால்தான் கூழ்ச் சட்டி கீழே இறங்கும். துள்ளினால் சட்டி மேலே போய்விடும். கடித்தே ஆகவேண்டும் என்று அதன் பல் ஊறுகிற நேரத்துக்குத் தேங்காய் மட்டையை நனைத்துப் போட்டாள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதறும். குதறி அலுத்ததும், சிறு பிள்ளைபோல, அவள் காலடியிலேயே தூங்கிவிடும். தூக்கம் வருகிற நேரத்தில்தான் அதிகமாகக் கடிக்கிறது என்பதையும் கண்டுகொண்டாள். அந்நேரம் யாரும் சீண்டாமல் இருட்டறையில் விட்டுவிட்டால் தானாகச் சுருண்டு படுத்தது.

சித்திரையில் அக்கம்மாள் வந்திருந்தபோது குட்டி ஓரளவு ஆளாகியிருந்தது. ராமுத்தாய் மகளை உட்காரவைத்து வேடிக்கை காட்டினாள். சட்டியைக் கையில் எடுத்ததும் கரிவாயன் புட்டத்தைத் தரையில் வைத்து, வால் மட்டும் ஆட, அவள் முகத்தையே பார்த்தது. உள்ளங்கையில் கருவாட்டுத் துண்டை வைத்து நீட்டினாள். பல் படாமல் நாக்காலேயே எடுத்துக்கொண்டது.

அக்கம்மாள் கைதட்டிச் சிரித்தாள். "ஆத்தா, நீ எனக்குக்கூட இம்புட்டுப் பக்குவம் பாக்கல!"

"நீ இம்புட்டுக் கடிக்கல" என்றாள் ராமுத்தாய். அன்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி பிறந்த பிறகுதான் என்னவோ தப்பாகப் போக ஆரம்பித்தது. இரண்டு நாள் சொன்ன பேச்சுக் கேட்கும். மூன்றாவது நாள், அவள் ஆற்றங்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வருவதற்குள், குட்டி வேறு குட்டியாகியிருக்கும். கண் சிவந்து, மூச்சிரைத்து, எதைக் கண்டாலும் பாயும். தொழுவத்தில் மடித்துப் போட்டிருந்த பருத்திக்கொட்டைச் சாக்கை இழுத்து நார் நாராகக் கிழித்துப் போட்டிருந்தது ஒரு தடவை. தவிடு கொண்டுவந்த ஆள் மேல் பாய்ந்தது ஒரு தடவை. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். மறுபடி கலையும்.

"என்ன தப்புப் பண்ணுறேன்னு தெரியலையே" என்று தவசியிடம் சொல்லி வருந்தினாள்.

"சாதி அப்பிடி புள்ள. கோம்பை நாயிக்கு ரெத்தத்துலயே இருக்கு" என்றான் அவன்.

ஆனி மாதம் சாரல் பிடித்தது. மேற்கு மலையிலிருந்து இறங்கிவந்த காற்று, நாள் முழுக்கத் தூறலை வீசியடித்தது. ஒரு சாயங்காலம் ராமுத்தாய் ஆற்றங்கரையிலிருந்து புல்லுக்கட்டோடு வந்தாள். நனையாமல் இருக்க ஒரு சாக்கின் இரண்டு மூலையையும் ஒன்றாக மடக்கிக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் மழை பெய்தால் எல்லாரும் போடுவதுதான். கட்டை முற்றத்தில் தள்ளிவிட்டு, "கரிவாயா" என்று கூப்பிட்டாள்.

குட்டி தொழுவத்திலிருந்து தலையைத் தூக்கியது. வாலாட்டவில்லை. தரையோடு தரையாகப் பதுங்கி இரண்டு எட்டு வைத்தது. அடுத்த கணம் அவள் மேல் இருந்தது. தடுக்க நீட்டிய இடது கையில் முழங்கைக்குக் கீழே பல் இறங்கியது. இப்போது அது அரிசிப் பல் இல்லை. அவள் "ஸ்ஆ" என்று சொன்னதைக் காதிலேயே வாங்காமல் தலையை இப்படியும் அப்படியும் உலுக்கியது. விழுந்த வேகத்தில் சாக்கு நழுவிப் போயிற்று. குட்டி அவள் கையை விட்டுவிட்டுச் சாக்கைக் கவ்விக்கொண்டு முற்றத்து மூலைக்கு ஓடியது.

ராமுத்தாய் சேற்றில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்தாள். வலி பிறகுதான் வந்தது. இந்தக் கையிலிருந்துதான் தின்றது. இந்தக் கையை நக்கிவிட்டுப் படுத்தது. எதற்காகக் கடித்தது? அவள் என்ன செய்தாள்?

தவசி ஓடிவந்தான். காயத்தை வெந்நீர் விட்டுக் கழுவி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினான். இறுக்கிவிட்டோமோ என்று முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான். அவளுக்கு அந்த அக்கறை ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு உலை வைத்ததும் அவன்தான்.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான். "இது இனி வீட்டுக்கு ஆகாது ராமு. போடியில ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கி இருக்குல்ல, அவுக மலைத் தோட்டத்துக் காவலுக்கு நாயி கேட்டாக. குடுத்துருவோம்."

அவள் அழுதாள். ஆனாலும் தலையாட்டினாள். கடித்த நாயை வீட்டில் வைத்துக்கொள் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

மூன்றாம் நாளும் கை வீங்கியேயிருந்தது. புல் அறுக்கப் போகமுடியவில்லை. "நீ பேசாமப் படு" என்று சொல்லிவிட்டுத் தவசி, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தங்கள் தென்னந்தோப்புக்குப் போனான். ராமுத்தாய்க்குப் படுக்கை கொள்ளவில்லை. மூன்று நாளாகத் தனக்காக அடுப்பூதிய மனுசன், வெறும் வயிற்றோடு தோப்பில் மண் கொத்துவானே என்று நினைத்தாள். கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயம் நாலு உரித்து வைத்து, வலது கையால் கலயத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

தோப்புக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாழை மறைவில் நின்று பார்த்தாள்.

பக்கத்துத் தோப்புக்காரன் சுருளியாண்டி தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, இடது கையில் இன்னொரு சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூனிக் கூனி ஓடிக் காட்டினான். தவசி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "புடி! புடிடா! விடாத!" என்று உசுப்பினான். கயிற்றை விட்டதும் கரிவாயன் பறந்துபோய்ச் சுருளியாண்டியின் கைச் சாக்கில் தொங்கியது. "அப்பிடித்தான், உலுக்கு, உலுக்கு" என்றான் தவசி. அது உலுக்கியது. உடனே ஒரு துண்டு ஈரலை எடுத்து அதன் வாயில் போட்டான். குட்டி ஈரலை விழுங்கிவிட்டு வாலைச் சுழற்றிக்கொண்டு மறுபடி சாக்குக்குத் துள்ளியது.

அந்த வாலைத்தான் ராமுத்தாய் பார்த்தாள். கோபத்தில் கடிக்கிற நாயின் வால் இல்லை அது. அவளிடம் கருவாடு வாங்கும்போது ஆடுகிற அதே ஆட்டம்.

கலயம் கையிலிருந்து விழுந்தது. சுருளியாண்டி திரும்பிப் பார்த்து, "மதினி..." என்று சாக்கைத் தலையிலிருந்து பிடுங்கினான். பிடுங்கி அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"நீ எதுக்கு இங்கன வந்த? உன்னயப் படுன்னு சொன்னேன்ல?" என்றான் தவசி.

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

சுருளியாண்டி, "நான் வாரேன்ணே" என்று நழுவிவிட்டான். குட்டி அவளிடம் ஓடிவந்து சிந்திய கூழை நக்கியது.

"நான் புல்லறுக்கப் போற நேரமெல்லாம் இதத்தான் பண்ணுனீகளா? நான் அங்கிட்டுக் கட்டக் கட்ட, நீங்க இங்கிட்டு அவுத்துக்கிட்டே இருந்துருக்கீக."

தவசி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னான். மாசி மாதமே கிட்டங்கிக்காரர்களோடு பேச்சு முடிந்துவிட்டதாம். மலைத் தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டை திருட்டுப் போகிறது. மூட்டை தூக்குகிறவனைப் பாய்ந்து பிடிக்கிற கோம்பை நாய் ஒன்று அவர்களுக்கு வேண்டும். கொண்டுவந்து கொடுத்தால், போடியிலிருந்து மலையடிவாரத்துக்கு அரிசியும் சாமானும் ஏற்றுகிற வண்டி வேலை இவனுக்கு.

"குட்டியில நோஞ்சானாப் போயிராம வளக்க ஆளு வேணும். உன்னய விட்டா ஆரு புள்ள இருக்கா?"

"எனக்குன்னு சொன்னீகளே."

"அப்பிடிச் சொன்னாத்தான நீ மனசு வச்சு வளப்ப."

அதை அவன் மறைக்காமல், ஏதோ அவளைப் புகழ்கிறமாதிரிச் சொன்னான். ராமுத்தாய்க்கு, வாசலில் கூடையை வாங்கிக்கொண்டு குரல் தழுதழுக்க நின்ற தன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கூசிப் போயிற்று. அழுகை வரவில்லை; வெட்கம்தான் வந்தது.

"சாக்கப் போட்டுட்டு வந்தேன், கடிச்சுது. ஏன் கடிச்சுதுன்னு இந்த ஊருக்கே தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மஞ்சப் பத்துப் போட்டீக. தெரிஞ்சுக்கிட்டே, கடிநாயி, குடுத்துருவோம்னு சொன்னீக."

"காயம் ஆறிப்போகும் புள்ள. இந்த வேலை கெடச்சா நம்ம நெலமையே..."

அவள் குட்டியின் கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தவசி ஆண்டிபட்டிக்குப் பாரம் ஏற்றிப் போனான். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும், ராமுத்தாய் எருமையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் கரிவாயனோடு கிளம்பினாள். மகள் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்பதுதான் எண்ணம். அக்கம்மாள் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவர்கள் ஊர் ஜெயமங்கலத்திலிருந்து தேனி வரைக்கும் நடை. வழியில் ஆட்டைக் கண்டால் துள்ளும், வண்டியைக் கண்டால் துள்ளும், கயிற்றையே கடிக்கும். எதிரே எவனாவது சாக்கு மூட்டையோடு வந்தால் அவள் முன்கூட்டியே பாதையோரம் ஒதுங்கி, உட்கார்ந்து, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பொட்டுக்கடலை கொடுப்பாள். தேனியில் புண்ணாக்கு ஏற்றிய வண்டிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான். போடி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அக்கம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தாளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பின்னால் குட்டியைக் கண்டதும் சுருங்கியது.

"இத ஏன் ஆத்தா இங்கன கூட்டியாந்த?"

ராமுத்தாய் தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காட்டினாள். அக்கம்மாள் சுளகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். 'அய்யோ' என்று ஒரு வார்த்தை சொன்னாள். அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பாள் என ராமுத்தாய் எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. வேலை அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மருமகன் கோட்டைச்சாமி வந்து, "வாங்கத்த" என்று மரியாதையாகப் பேசினான். குட்டியைத் தடவிக் கொடுத்தான். கையைப் பார்த்து, "நல்லா ஆறட்டும், இருந்துட்டுப் போங்க" என்றான். மகளும் மருமகனும் கோழி அடித்துச் சோறு போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தாள். நடந்த களைப்பு, நன்றாகத் தூங்கிவிட்டாள். விழித்தபோது தூணில் கயிறு இல்லை.

"அக்கம்மா, குட்டி எங்க?"

அக்கம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. ராமுத்தாய் உள்ளே போனாள். மகள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"அவுக கொண்டு போயிட்டாக ஆத்தா. கிட்டங்கிக்கு."

"அவருக்கு எப்பிடித் தெரியும் கிட்டங்கி சமாச்சாரம்?"

"அங்கன கணக்கெழுதுற ரைட்டர்கிட்ட மொதல்ல பேசுனதே அவுகதான். ரெண்டு வண்டிக்குப் பேச்சு. அப்பாவுக்கு ஒண்ணு, அவுகளுக்கு ஒண்ணு."

ராமுத்தாய் அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கம்மாள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு, "குட்டி வாரதுக்கு முந்தியே" என்றாள். "உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாக. நீயும் சந்தோசமா இருந்தியா... கெடுப்பானேன்னு..."

சித்திரையில் வந்து கைதட்டிச் சிரித்தாளே, அப்போதும் இவளுக்குத் தெரியும். தான் சட்டியைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்தபோது, இவள் உள்ளுக்குள் எதை நினைத்துச் சிரித்தாள்? தவசி செய்ததைவிட இது ஆழமாக இறங்கியது. அவன் எப்போதும் கொஞ்சம் தூரத்தில் இருந்தவன்தான். இவள் அப்படி இல்லை.

"ஆத்தா, எதாச்சும் சொல்லேன்" என்றாள் அக்கம்மாள்.

ராமுத்தாய் எழுந்து, கிட்டங்கி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், தூரத்திலேயே ஏலக்காய் மணம் வழி காட்டிற்று. கிட்டங்கி முற்றத்துக் கல்தூணில் கரிவாயனைக் கட்டியிருந்தது. மூட்டை தூக்குகிற ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒருவன் கையில் கிழிந்த சாக்கு தொங்கியது. கோட்டைச்சாமி இன்னொரு சாக்கை ஆட்டி ஆட்டிக் காட்ட, குட்டி கழுத்துக் கயிறு இறுக, நுரை தள்ள, எகிறி எகிறி விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரைட்டர் வைகுண்டராஜ், வெற்றிலையை மென்றுகொண்டே, "பரவாயில்லையே" என்றார்.

ராமுத்தாய் நேரே போய்க் குட்டியிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிடவில்லை. குட்டி இன்னும் ரெண்டு தரம் எகிறியது, அவளைப் பார்த்தது, சாக்கைப் பார்த்தது. கோட்டைச்சாமி மறுபடி சாக்கை ஆட்டினான். அது குரைத்தது. அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சிரைப்பு தணிந்து, புட்டத்தைத் தரையில் வைத்தது. அப்போதுதான் நகர்ந்துபோய் அதன் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தினாள்.

"யாரும்மா நீ?" என்றார் ரைட்டர்.

"இத வளத்தவ."

"அத்த, நீங்க வீட்டுக்குப் போங்க. இது ஆம்பளைக சமாச்சாரம்" என்றான் கோட்டைச்சாமி.

ராமுத்தாய் அவனைப் பார்க்காமல் ரைட்டரிடமே பேசினாள். "அய்யா, மலையில சாரல் விழுதுல்ல, அப்ப உங்க ஆளுக தலைக்கு என்னத்தப் போட்டுக்கிடுவாக?"

"கொங்காணிதான். வேற என்ன?"

"இதுக்குத் திருடனத் தெரியாது. சாக்கத்தான் தெரியும். எந்தலையில சாக்கு இருந்துச்சு." கட்டை அவிழ்த்தாள். "என் கையில தின்னு வளந்தது. என்னயவே இப்பிடிப் பண்ணிருச்சு. பொம்பளை ஆளுக, கைப்புள்ளக்காரி எல்லாரும் அங்கன காய் எடுக்க வருவாக. யோசிச்சுக்கங்க."

ரைட்டர் எழுந்துவந்து காயத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கோட்டைச்சாமியைப் பார்த்தார். "வீட்டு ஆளையே கடிச்சதுன்னு நீ எங்கிட்டச் சொல்லலையே?"

"அது... தெரியாம நடந்தது..."

"அங்க யாரையாவது கொதறிப் போட்டா முதலாளிக்கு நான்தான் பதில் சொல்லணும். நாயக் கொண்டு போ." வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வண்டிக்கும் நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார்.

தெருவுக்கு வந்ததும் கோட்டைச்சாமி வெடித்தான். "ஒரு நாயிக்காக எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! உங்க மகளும் அந்தச் சோத்தத்தான திங்கணும்?"

ராமுத்தாய் நின்றாள். "மாப்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, மலைக்கு நானே மூட்ட சொமந்துருப்பேன்" என்றாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் தங்கவேண்டியிருந்தது. விடிந்ததும் அக்கம்மாள் புளிச்சோறு கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், குட்டியும் பட்டினி என்பதை நினைத்து வாங்கிக்கொண்டாள்.

அவள் ஜெயமங்கலம் வருவதற்கு முன்பே, போடிச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் மூலமாகச் சேதி வந்துவிட்டது. தவசி அவளை அடிப்பான் என்று தெருவே எதிர்பார்த்தது. அவன் அடிக்கவில்லை. முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் கத்தினான். "ஊர் சிரிக்குது. பெத்த மக பொழப்பையே கெடுத்துட்ட. யாருக்காக இம்புட்டும் பண்ணுனேன்? உனக்காகத்தான!"

"எனக்காகன்னு இனி ஒண்ணும் பண்ணாதீக" என்றாள். அவ்வளவுதான். போய் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கரிவாயனைத் திருத்த ஐப்பசி வரைக்கும் ஆயிற்று. புதிதாகக் கற்றுக் கொடுப்பது சுலபம். கற்றதை மறக்கடிப்பது அப்படி இல்லை. முதலில் தூரத்தில் வேலியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் சட்டியை வைப்பாள். அது சாக்கைப் பார்த்து உறுமினால் சட்டி மேலே போகும். பார்த்தும் சும்மா இருந்தால் இறங்கும். ஒவ்வொரு நாளும் சாக்கு கொஞ்சம் கிட்டே வரும். கடைசியில் சாக்கு மேலேயே சட்டியை வைத்தாள். அடைமழை தொடங்கியபோது தலையில் கொங்காணியோடு அதன் முன்னால் போய் நின்றாள். குட்டி மோந்து பார்த்தது, அவள் முகத்தை அண்ணாந்து தேடியது, வாலாட்டியது.

தவசியிடமும் அதே வால்தான். வண்டி வருகிற சத்தம் கேட்டால், வளர்ந்த பிறகும், சின்னக் குட்டிபோலச் சுழன்று சுழன்று அவன் வேட்டியில் பாயும். அதற்கு அவன் ஈரல் கொடுத்தவன், விளையாட்டுக் காட்டியவன். ராமுத்தாய்க்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குத்தல். வாயில்லாத ஜீவனைக் குற்றம் சொல்ல முடியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தவசி குனிந்து அதைத் தடவிக்கொண்டு, அவள் காதில் விழுகிறமாதிரி அதனிடம் பேசுவான். சந்தையில் தக்காளி என்ன விலை, மாட்டுக்கு லாடம் அடித்த கதை. அவளிடம் சொல்லவேண்டியதையெல்லாம் நாயிடம் சொன்னான்.

அடுத்த மாசியில் அக்கம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ராமுத்தாய் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கான காயமருந்து இடித்துக் கொடுத்தாள், பூண்டு சுட்டுக் கொடுத்தாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பெண்பிள்ளை. கரிவாயன் தொட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பிள்ளை அழுதால் எழுந்து வந்து அடுப்படி வாசலில் நிற்கும்.

ஒரு நாள் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஆத்தா, நீ எங்கிட்ட முன்ன மாதிரிப் பேச மாட்டேங்குற."

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"நான் தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா."

"கண்ண மூடு. சீயக்கா போகுது" என்றாள் ராமுத்தாய்.

மகளின் தலையை ஒரு தாய் எப்படித் தேய்க்கவேண்டுமோ அப்படியே தேய்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த வார்த்தையை எடுக்கும்போதெல்லாம், மகளின் அடுத்த சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்குமோ என்ற நினைப்பும் கூடவே வந்தது. பொய்யாக ஒன்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் கோட்டைச்சாமி வண்டி கட்டிக்கொண்டு வந்து இருவரையும் கூட்டிப்போனான். ராமுத்தாய் தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். தவசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"போகையில என்ன சொன்னா அக்கம்மா?" என்று கேட்டான்.

"போயிட்டு வாரேன்னு சொன்னா."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு, துவைக்க ஆற்றுக்குப் போனாள்.